பாஸ் உற்சாகமாக இருந்தால் டீம் உருப்படுமா?

நிலாமதி:
எங்கள் ஆபீசுக்குப் புதிதாக வந்திருக்கும் மேனேஜர் காலையில் ஒவ்வொருவர் சீட்டுக்கும் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் தன் அறைக்குள் நுழைகிறார். சம்பளமும் வேலையும் பழையபடிதான். ஆனாலும் கிளம்பும் முடிவில் இருந்த இரண்டு பேர் மனசு மாறித் தங்கிவிட்டார்கள். மேலே இருப்பவரின் தெம்பு கீழே வரைக்கும் இறங்கும் என்பது என் கட்சி. "எல்லாம் சம்பளம்தான்" என்பவர்கள் வரிசையில் வரலாம்.

ஓரகடம் செல்வம்:
வந்துவிட்டேன் மேடம். எல்லாம் சம்பளம்தான். அதோடு வேலை நிலைக்குமா என்ற பயம். எங்கள் பழைய பிளான்ட் ஹெட் வாரம் தவறாமல் கூட்டம் போட்டு "நாம் ஒரே குடும்பம்" என்பார், எல்லோரும் கைதட்டுவோம். ஆர்டர் குறைந்த மாதம் கான்ட்ராக்ட் பையன்களைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கும் அவர் சிரித்த முகமாகத்தான் வந்தார்.

கார்த்தி_உளவியல்:
செல்வம் அண்ணே, உங்கள் பிளான்ட் ஹெட் எப்படியோ, மனநிலை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. சிகல் பார்சேட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2002-ல் வெளியிட்ட ஆய்வு. மாணவர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்து, ஊழியர்களுக்கு போனஸ் பிரித்துக் கொடுக்கும் வேலையைத் தந்தார். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் மட்டும் பயிற்சி பெற்ற நடிகர். அவர் சில குழுக்களில் கலகலப்பாகவும் சிலவற்றில் உம்மென்றும் இருந்தார். கலகலப்பான குழுக்களில் ஒத்துழைப்பு கூடியது, சண்டை குறைந்தது.

ஓரகடம் செல்வம்:
நடிகர் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் தம்பி. நடித்தாலும் தொற்றும் என்றால், பாஸின் முகத்தைப் பார்த்து நான் எதை நம்புவது? அதுவும் ஒரு சின்ன வகுப்பறைப் பயிற்சி. நைட் ஷிப்டில் எட்டு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

வார்டு அக்கா:
நான் நர்ஸ். அளவுக்கு மீறிய உற்சாகம் ஆபத்து என்று சொல்லத்தான் வந்தேன். எமி எட்மண்ட்சன் என்பவர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளைக் கணக்கெடுத்தார். நன்றாக நடத்தப்படும் குழுக்களில்தான் பிழை அதிகம் பதிவாகியிருந்தது! அங்கே மறைக்காமல் சொன்னார்கள் என்பதுதான் அவர் கொடுத்த விளக்கம். எனக்கு வாய்த்த ஒரு இன்சார்ஜ் சிஸ்டர் "நம்ம வார்டில் தப்பே நடக்காது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். நல்ல மனுஷிதான். ஆனால் அவர் முகம் வாடிவிடுமே என்று யாருமே கெட்ட செய்தியை அவரிடம் கொண்டுபோக மாட்டோம்.

ராக்கெட் ரவி:
அக்கா சொன்னதைப் பிடித்துக்கொண்டு போகிறேன். 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. எஸ்எல்வி-3-ன் முதல் ஏவுதல். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு பழுதாகி ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஆனால் பத்திரிகையாளர்கள் முன்னால் போய் உட்கார்ந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். அடுத்த ஆண்டு ஜூலை 18-ல் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனதும் பேட்டி கொடுக்கக் கலாமை அனுப்பிவிட்டார். கலாம் மேடைக்கு மேடை சொன்ன கதை இது, வாட்ஸ்அப்பில் போட்டுத் தேய்த்தும் விட்டார்கள்.

அந்த இரண்டு பேட்டியை விட எனக்கு முக்கியம், நடுவில் போன பதினோரு மாதம். திட்ட இயக்குநரை மாற்றவில்லை. தன் தலை உருளாது என்று தெரிந்தவன்தான் எந்த வால்வு சிக்கியது என்று வாயைத் திறப்பான். தவான் யாரையும் கைதட்டச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. தெம்பு இப்படியும் வரும்.

ஓரகடம் செல்வம்:
தவானுக்கு என் வணக்கம். ஆனால் அது அரசு நிறுவனம் சார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாபக் கணக்குக் காட்டுகிற ஆளை வைத்துச் சொல்லுங்கள்.

மிச்சிகன் முருகன்:
கார் கம்பெனியே தருகிறேன் செல்வம். கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்று இருந்தது. வேலை நேரத்தில் குடி, மேனேஜருக்கும் தொழிலாளிக்கும் தீராத பகை, ஆப்சென்ட் 20 சதவீதம் வரை. 1982-ல் மூடினார்கள். 1984-ல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து நம்மி என்ற பெயரில் திறந்தார்கள். எடுத்த ஆட்களில் பெரும்பாலோர் பழைய ஆட்கள், சங்கமும் பழைய சங்கமே.

மாறியது என்ன? முன்பு எது நடந்தாலும் கார் பூட்டும் லைனை நிறுத்தக் கூடாது. இங்கே லைனை நிறுத்த யார் வேண்டுமானாலும் தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம். இழுத்ததும் டீம் லீடர் ஓடிவந்து என்ன உதவி வேண்டும் என்று கேட்பார். மேனேஜருக்குத் தனி கேன்டீன் கிடையாது, தனி பார்க்கிங்கும் கிடையாது. கொஞ்ச காலத்திலேயே ஜப்பான் ஆலைகளுக்கு நெருக்கமான தரம் வந்துவிட்டது, ஆப்சென்டும் மளமளவென்று குறைந்தது. ஆட்கள் அதே ஆட்கள், அவர்களை நடத்திய விதம்தான் வேறு.

நிலாமதி:
இதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன்!

ஓரகடம் செல்வம்:
பொறுங்கள் மேடம். முருகன் அண்ணன் ஒன்றை விட்டுவிட்டார். அந்த ஆலையின் ஒப்பந்தத்திலேயே ஆட்குறைப்புக்கு எதிரான வாக்குறுதி இருந்தது. 80களின் கடைசியில் விற்பனை படுத்தபோது ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல் பயிற்சியில் உட்காரவைத்தார்கள். எழுதிக் கொடுத்த அந்த உத்தரவாதம்தான் டீம் லீடரின் அன்பைத் தாங்கிக்கொண்டிருந்தது.

மிச்சிகன் முருகன்:
ஒப்பந்தம் பெரிய காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதே முறையை ஜெனரல் மோட்டார்ஸ் தன்னுடைய வான் நைஸ் ஆலைக்குக் கொண்டுபோனது. அங்கே எடுபடவில்லை, 1992-ல் அதையும் மூடினார்கள். சங்கத்துக்குள் எதிர்ப்பு இருந்தது நிஜம். மேனேஜர்களுக்கும் மனசு வரவில்லை. கயிறு மட்டும் தொங்கினால் போதுமா?

ஓரகடம் செல்வம்:
அவர்களுக்கு ஏன் மனசு வரவில்லை என்றும் சொல்லுங்கள் அண்ணே. எத்தனை கார் வெளியே போனது என்பதை வைத்து அங்கே மேனேஜர்களுக்கு போனஸ். கயிற்றை இழுத்து லைனை நிறுத்தினால் அவர் பாக்கெட்டில் குறையும். அப்புறம் எந்த மேனேஜர் சிரித்துக்கொண்டே ஓடிவருவார்?