ஜப்பானில் டாக்கோ: சனிக்கிழமைக்குள் வேண்டும், யாராவது உதவுங்கள்

ஹூஸ்டன்காரி (செவ்வாய், இரவு 11.40)

எல்லோருக்கும் வணக்கம். ஜப்பானுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. அதற்கு முன் ஒன்பது வருடம் அமெரிக்கா. மகளுக்கு ஒன்பது வயது ஆகப்போகிறது. அங்கே வாரத்துக்கு மூன்று நாள் பீன்ஸ் புரிட்டோ (ராஜ்மா மாதிரி பீன்ஸை மசித்துச் சப்பாத்தி போன்ற ரொட்டியில் சுருட்டியது) சாப்பிட்டு வளர்ந்தவள், இங்கே வந்ததிலிருந்து தட்டைத் தள்ளித் தள்ளி வைக்கிறாள். போன வாரம் ரசம் சோறு பிசைந்து கொடுத்தால், "அம்மா, நாம எப்ப வீட்டுக்குப் போவோம்" என்று அழுதாள். வீடு என்று அவள் சொன்னது திருச்சியை இல்லை.

மனசு கேட்காமல், பிறந்த நாளுக்கு டாக்கோ பார்ட்டி (மெக்சிகோ ரொட்டியை மடித்து உள்ளே பீன்ஸ், சீஸ் வைப்பது) வைக்கலாம் என்று சொல்லிவிட்டேன். மறுநாளே வகுப்பில் ஆறு பேரைக் கூப்பிட்டுவிட்டு வந்து நிற்கிறாள். வரும் சனிக்கிழமை மதியம். பக்கத்துக் கடையில் கார்ன்ஃப்ளோர் வாங்கி டார்ட்டியா, அதாவது அந்த மக்காச்சோள ரொட்டி, தட்டிப் பார்த்தேன். சுவரொட்டி ஒட்டலாம், அப்படி வந்தது. எங்கே என்ன வாங்குவது? தூக்கமே வரவில்லை.

நிஷிகசாய் முத்து (புதன், காலை 6.15)

தங்கச்சி, மூன்று மாதமெல்லாம் ஒரு கணக்கா. நான் 2004 டிசம்பரில் வந்தேன். அறையில் ஹீட்டர் கிடையாது, ஸ்மார்ட்போன் கிடையாது, பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல ஆள் கிடையாது. நான் சுத்த சைவம். கடையில் சோற்று உருண்டை முக்கோணமாகப் பாசித்தாள் சுற்றி வைத்திருப்பார்களே, அதில் உள்ளே ஏதோ காய் என்று நினைத்து ஒரு மாதம் தினமும் சாப்பிட்டேன். கூட வேலை செய்தவர் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார், அது டூனா மீன் என்று. அன்றைக்கு ஊருக்கு ஃபோன் போட்டு அம்மாவிடம் அழுதேன், அதற்கும் ஃபோன் கார்டு தீர்ந்துபோய்ப் பாதியில் கட் ஆனது. இப்போது எங்கள் பக்கம் இந்தியக் கடைகள், இட்லி மாவு எல்லாம் வந்துவிட்டன. குழந்தை பழகிவிடும், கவலைப்படாதீர்கள்.

ஜூரோங் சித்தப்பா (புதன், காலை 7.02)

இங்கே சிங்கப்பூர் முஸ்தபா சென்டரில் டார்ட்டியா எத்தனை விதம் வேண்டுமானாலும் வாங்கலாம்.

ஒசாகா மருமகள் (புதன், காலை 7.30)

சித்தப்பா, அவர் கேட்பது ஜப்பான்! அக்கா, நீங்கள் வாங்கியது சோள ஸ்டார்ச், அதில் ரொட்டி வராது. மஞ்சள் பொட்டலத்தில் பான் என்று ஒரு வெள்ளை மக்காச்சோள மாவு வரும். ஆன்லைனில் கிடைக்கிறது. வெந்நீர் விட்டுப் பிசைந்து தட்டினால் போதும். நான் அதில்தான் செய்கிறேன்.

சுண்ணாம்பு டப்பா (புதன், காலை 8.10)

தயவுசெய்து அதை வாங்காதீர்கள். பான் என்பது வெனிசுலாக்காரர்கள் அரேப்பா என்கிற தடித்த ரொட்டி செய்கிற மாவு. சோளத்தை வேகவைத்து அரைத்தது, அவ்வளவுதான். டார்ட்டியா மாவு வேறு. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோலைத் தேய்த்துக் கழுவி அரைக்க வேண்டும். அந்தச் சுண்ணாம்புதான் மாவுக்கு ஒட்டும் தன்மையையும், டார்ட்டியாவுக்கென்று இருக்கிற அந்த வாசனையையும் கொடுக்கிறது. சோளத்தில் இருக்கிற நயாசின் சத்து உடம்பில் சேருவதும் அதனால்தான். ஐரோப்பாவுக்குச் சோளத்தைக் கொண்டுபோனவர்கள் சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். சோளமே சோறு என்று வாழ்ந்த ஏழைகளுக்கு அங்கே பெல்லாக்ரா என்கிற சத்துக்குறைவு நோய் வந்தது.

நம் ஊரில் வெற்றிலைக்கு வைக்கிற அதே சுண்ணாம்புதான். ஜப்பானில் கொன்யாக்கு என்கிற கிழங்கு மாவுக் களி கட்டியாவதற்கு இதைத்தான் போடுகிறார்கள், அதற்கென்று பொட்டலமே விற்கிறார்கள். உலர்ந்த சோளமும் அதுவும் கிடைத்தால்...

ஒசாகா மருமகள் (புதன், காலை 8.25)

அண்ணா, அவருக்குச் சனிக்கிழமைக்கு வேண்டும்.

சுண்ணாம்பு டப்பா (புதன், காலை 8.31)

சரி, சரி. ஆன்லைனில் மாசா ஹரினா என்று தேடுங்கள், அது சுண்ணாம்பு போட்டு அரைத்துக் காயவைத்த மாவு. மசேகா என்கிற மெக்சிகோ பிராண்டும் இங்கே கிடைக்கிறது. சனிக்கிழமைக்குள் வந்து சேருமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். பான் மாவில் டாக்கோ மடித்தால் நடுவில் அப்பளம் மாதிரி உடையும்.

ஒசாகா மருமகள் (புதன், காலை 8.40)

எனக்கு உடைவதில்லை.

யோகோஹாமா வாசி (புதன், மதியம் 12.20)

எதற்கு இவ்வளவு சிக்கல்? டோக்கியோ ஷின்-ஓக்குபோவில் ஹலால் கடைகள் வரிசையாக இருக்கின்றன, ராஜ்மா, சீரகம், கொத்தமல்லி எல்லாம் கிடைக்கும். இல்லாவிட்டால் உவேனோவில் இறங்கி அமேயோக்கோ சந்தைத் தெருவுக்குப் போங்கள், சென்டர் பில்டிங் அடித்தளத்தில் பச்சை மிளகாய்கூடக் கிடைக்கும். ஒரு மணி நேர வேலை.

டெக்சஸ் பழுத்த மிளகாய் (புதன், மதியம் 1.05)

ஒரு சின்னத் திருத்தம். அம்மணி ஏங்குவது மெக்சிகோ சாப்பாட்டுக்கு இல்லை, டெக்ஸ்-மெக்ஸுக்கு. மஞ்சள் சீஸ், கைநிறையச் சீரகம், இதெல்லாம் எல்லைக்கு டெக்சஸ் பக்கத்துப் பழக்கம். நம்மவர்களுக்கு அது சட்டென்று பிடிப்பதற்குக் காரணமும் அந்தச் சீரகம்தான். டல்லாஸில் இருந்தபோது சைவக்காரனுக்கு ஹைவேயில் நம்பிச் சாப்பிட ஒன்று உண்டென்றால் பீன்ஸும் சோறும் சுருட்டிய புரிட்டோதான். அதிலும் பீன்ஸில் பன்றிக் கொழுப்பு உண்டா என்று ஒவ்வொரு கடையிலும் கேட்டுவிட்டுத்தான்.

பட்டுக்கோட்டையான் (புதன், மாலை 6.50)

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். வெளிநாட்டில் நம் குழந்தைகள் நம் சாப்பாட்டை மறப்பதற்கு அழாமல் டாக்கோவுக்கு அழுகிறோம். இட்லி, கேசரி போட்டு அனுப்பினால் ஆகாதா?

டெக்சஸ் பழுத்த மிளகாய் (புதன், மாலை 7.04)

உங்கள் கேசரிக்குப் பக்கத்தில் வைக்கிற சட்னியில் மிளகாய் போடுவீர்கள்தானே? தக்காளி? ரெண்டும் மெக்சிகோ பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவைதான். சப்போட்டா என்கிற பெயரே நாவாட்டில் என்கிற அங்கத்துப் பழங்குடி மொழியிலிருந்து வந்தது.

பட்டுக்கோட்டையான் (புதன், மாலை 7.10)

கேசரிக்கு யாரய்யா சட்னி வைப்பார்கள்.

நிஷிகசாய் முத்து (புதன், இரவு 9.30)

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதுவே பிரச்சினை என்றால், வாடகை வீட்டுக்கு இரண்டு மாத வாடகையைச் சாவிப்பணம் என்று திரும்பி வராத காசாகக் கொடுத்தோமே, அதை என்ன சொல்வது?

யோகோஹாமா வாசி (புதன், இரவு 9.41)

சாவிப்பணம் இன்னும் போகவில்லை, அண்ணா. போன வருடம் நானும் கொடுத்தேன். அது போதாதென்று, பால் டப்பாவைக் கழுவி, வெட்டி, விரித்துக் காயவைத்துப் போடவில்லை என்று குப்பையைத் திருப்பி வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து தினம் நான்கு தாள் வருகிறது, எதில் கையெழுத்து, எதில் முத்திரை என்று தெரியாமல்...

ஒசாகா மருமகள் (புதன், இரவு 9.55)

அந்தத் தாள்களைப் பற்றிப் பேசாதீர்கள். நீச்சல் வகுப்புக்குக் காலையில் காய்ச்சல் பார்த்து எழுதவில்லை என்று என் மகனைக் கரையிலேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

ஹூஸ்டன்காரி (வியாழன், காலை 5.20)

எல்லோருக்கும் நன்றி. சில விஷயம் சொல்ல விட்டுப்போச்சு. நாங்கள் சைவம், முட்டை உண்டு. இருப்பது டோக்கியோ இல்லை, ஹமமாட்சு. ஓக்குபோவுக்கு ஷின்கான்செனிலேயே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடுப்பு ஐஹெச் (இண்டக்ஷன்), ஓவன் இல்லை.

அதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று நடந்துவிட்டது. நேற்று ஒரு குழந்தையின் அம்மா, "எங்கள் வீட்டு இரும்புத் தட்டைக் கொண்டுவரட்டுமா" என்று செய்தி அனுப்பியிருக்கிறார். புரியாமல் என் கணவரின் அலுவலகத்தில் கேட்டோம். இங்கே தகோ என்றால் ஆக்டோபஸாம். தகோயாக்கி என்று குழிப்பணியாரம் மாதிரி ஒன்று, நடுவில் ஆக்டோபஸ் துண்டு. அதற்குக் கூடிச் சுட்டுச் சாப்பிடும் பார்ட்டிக்குத் தகோபா என்றே பெயராம். ஆறு வீட்டிலும் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் தம்பி நாளை ஹூஸ்டனிலிருந்து வருகிறான், ஹலபீனோ மிளகாயும் கொத்தமல்லியும் கொண்டுவரச் சொல்லட்டுமா?

தொயோஹாஷி டீச்சர் (வியாழன், காலை 6.00)

அம்மா, ஹமமாட்சு என்று முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேர் உங்களை ரயிலேற்றியிருக்க மாட்டார்கள். நான் பக்கத்து ஊர்தான். நீங்கள் டோக்கியோவைவிட நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். 1990ல் குடியேற்றச் சட்டம் மாறியபோது, முன்பு தென் அமெரிக்கா போன ஜப்பானியர்களின் பேரப்பிள்ளைகள் பிரேசிலிலிருந்தும் பெருவிலிருந்தும் வேலைக்குத் திரும்பி வந்தார்கள். உங்கள் ஊரும் எங்கள் ஊரும் அவர்களால் நிறைந்தவை. பிரேசில் கடை ஒன்றைக் கூகுள் மேப்பில் தேடி இன்றைக்கே போங்கள். கறுப்பு பீன்ஸ் மூட்டை மூட்டையாக இருக்கும். அங்கே மஞ்சள் பொட்டலச் சோளமாவும் இருக்கலாம், இரண்டு பேர் சண்டையிலும் நான் வரவில்லை, ஆனால் ஏழு குழந்தைகளுக்கு முதல் முறையாகச் சோள டார்ட்டியா தட்டாதீர்கள். மைதா டார்ட்டியாவைக் கடையில் வாங்குங்கள்.

அதற்கு காஸ்ட்கோ, உறுப்பினர் கார்டு இருந்தால் நுழையும் அமெரிக்க மொத்தக் கடை. ஹமமாட்சுவிலேயே ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் எடுத்த உறுப்பினர் கார்டு காலாவதி ஆகவில்லை என்றால் அதையே இங்கேயும் காட்டலாம். பணம் கட்ட விசா கார்டு செல்லாது, மாஸ்டர்கார்டோ ரொக்கமோ கொண்டுபோங்கள். டார்ட்டியா, செடார் சீஸ், சிப்ஸ் எல்லாம் ஒரே இடத்தில் முடிந்துவிடும். விட்டுப்போனதற்கு, வெளிநாட்டுச் சாமான் விற்கும் கால்டி கடை. பாட்டில் ஹலபீனோ, சல்சா அங்கே கிடைக்கும். அவகாடோவுக்கு எங்கும் அலைய வேண்டாம், சாதாரண சூப்பர் மார்க்கெட்டில் விற்பதே பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வருவது. புளிப்பு கிரீம் இங்கே கண்மையளவு டப்பாவில் விற்கும். தயிரைத் துணியில் கட்டி இரவெல்லாம் தொங்கவிடுங்கள், உப்பும் எலுமிச்சையும் போட்டால் ஒருவருக்கும் தெரியாது.

தம்பியிடம் பச்சைக் காய் எதுவும் வேண்டாம் என்று சொல்லுங்கள். செடி, காய், பழம் எதுவாக இருந்தாலும் அந்த நாட்டு ஆய்வுச் சான்றிதழ் இல்லாமல் ஜப்பானுக்குள் விடமாட்டார்கள், சொந்த உபயோகத்துக்கு என்றாலும்.

பீன்ஸில் ஒரு எச்சரிக்கை. வெந்த பீன்ஸ் பாக்கெட்டைப் பார்த்து ஆசைப்பட்டு எடுக்காதீர்கள். நான் ஒருமுறை எடுத்து, சீரகம், பூண்டு, வெங்காயம் எல்லாம் தாளித்துக் கொட்டிய பிறகு வாயில் வைத்தேன். சர்க்கரைப் பாகில் வேகவைத்தது. இங்கே வெந்த பீன்ஸ் என்றால் பெரும்பாலும் இனிப்புதான். உலர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். உசுரா மாமே என்று புள்ளி போட்ட ஹொக்கைடோ பீன்ஸ் கிடைத்தால் உங்கள் டெக்சஸ் பின்டோ பீன்ஸுக்கு அண்ணன் தம்பி. வெள்ளிக்கிழமை இரவே ஊறப்போட்டு, குக்கரில் நன்றாகக் குழைய விட்டு மசியுங்கள்.

அமெரிக்கச் சமையல் குறிப்பில் மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி என்று இருக்கும். அது சீரகமும் ஆரிகனோவும் கலந்த சாதுவான தூள். நம் மில்லில் அரைத்த தூளை அந்தக் கணக்கில் போட்டால் ஆறு குழந்தைகளும் வீடு போய்ச் சேராது. கால் தேக்கரண்டி, மீதிக்கு சீரகத்தூள்.

அழைப்புக்கு வருவோம். "தகோ" என்ற சொல்லையே எடுத்துவிட்டு, "தகோரைசு" என்று செய்தி அனுப்புங்கள். சட்டென்று புரிந்துவிடும். 1984ல் ஒகினாவாவின் கின் ஊரில், அமெரிக்க முகாமுக்குப் பக்கத்தில், டாக்கோவுக்குள் வைப்பதை எடுத்துச் சோற்றின்மேல் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு ஜப்பான் முழுக்க எல்லோருக்கும் தெரியும். ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் டார்ட்டியா வையுங்கள். இறைச்சிக்குப் பதிலாக தைசு மீட்டோ என்று சோயா கொத்து கிடைக்கிறது. அதே செய்தியில் கோதுமை, பால், முட்டை யாருக்காவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டுவிடுங்கள், இங்கே கேட்காவிட்டால்தான் மரியாதைக் குறைவு. உங்களுக்குச் சைவம் முக்கியம் என்பதால், பொட்டலத்தில் கத்தகானா என்கிற ஜப்பானிய எழுத்தில் ராடோ என்று இருந்தால் பன்றிக் கொழுப்பு. சிப்ஸில்கூட சிக்கின் எகிசு என்று கோழிச் சாறு ஒளிந்திருக்கும். ஃபோன் கேமராவைக் காட்டி மொழிபெயர்த்துப் பாருங்கள்.

ஐஹெச் அடுப்பில் டார்ட்டியாவை வாணலியில் இருபுறமும் வாட்டி, சப்பாத்திக்குச் செய்வதுபோல் துணியில் சுற்றி ஹாட்பாக்கில் வையுங்கள். போதும். அந்த அம்மாவின் குழித்தட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஒசாகா மருமகள் (வியாழன், காலை 7.15)

குழித்தட்டில் சீஸும் சோளமும் போட்டுச் சுடலாம், டீச்சர். நாங்கள் அதில் பணியாரமே சுடுகிறோம்.

ஹூஸ்டன்காரி (சனி, இரவு 10.50)

ஆறு பேர் வந்தார்கள், கூடவே ஒரு தம்பிப்பயலும் வந்தான். காஸ்ட்கோவில் என் பழைய கார்டு வேலை செய்தது. டார்ட்டியாவில் எதை எவ்வளவு வைப்பது, எப்படி மடிப்பது என்று என் மகள்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாள், அரைகுறை ஜப்பானிய மொழியில், கையை ஆட்டி ஆட்டி. இவ்வளவு பேசி மூன்று மாதத்தில் நான் பார்த்ததில்லை. ஒரு பையன் பீன்ஸை வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தான். இனிக்கவில்லையாம். அவன் சோறும் சீஸும் சாப்பிட்டான். குழித்தட்டில் மீந்த தோசைமாவை ஊற்றினோம், அதுதான் முதலில் காலியானது. பட்டுக்கோட்டை அண்ணனுக்குச் சொல்லுங்கள்.

இப்போது ஒரு புதுப் பிரச்சினை. சிப்ஸ் பற்றாமல், மீந்த டார்ட்டியாவை வெட்டிப் பொரித்தேன். ஒரு சட்டி எண்ணெய் இருக்கிறது. இதை எந்தக் கிழமைக் குப்பையில் போடுவது?

நிஷிகசாய் முத்து (சனி, இரவு 11.05)

தொட்டியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், தங்கச்சி! நூறு யென் கடையில் எண்ணெயைக் கட்டியாக்கும் தூள் விற்கும். சூடாக இருக்கும்போதே போட்டுக் கலக்கி, ஆறியதும் அல்வா மாதிரி எடுத்து எரியும் குப்பையில் போடலாம். எதற்கும் உங்கள் ஊர்க் குப்பை அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2005ல் எனக்கு இது தெரியாமல் என்ன நடந்தது தெரியுமா...