மறு: ஓடைக் கரைக்கு ஆளுக்குப் பத்தாயிரம்

எல்லோருக்கும் வணக்கம்.

பெரிய வீட்டார் நிலத்தில் ஓடைக்குக் குறுக்கே நிற்கும் மண் கரையை, ஆளுக்குப் பத்தாயிரம் போட்டு மூன்றடி உயர்த்தலாம் என்று சிங்கப்பூர் சித்தப்பா எழுதியதிலிருந்து பணத்தைப் பற்றித்தான் பேச்சு. கரை ஏன் ஒழுகுகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கார்த்திகைக்கு ஊருக்குப் போன அக்கா நேரில் பார்த்திருக்கிறாள். பின்சரிவின், அதாவது தண்ணீர் நிற்காத பக்கத்துச் சரிவின் அடியில் மண் நொதநொதவென்று கிடக்கிறது. நடுவில் சின்ன ஊற்று, அதைச் சுற்றி எறும்புப் புற்று மாதிரி மணல். தண்ணீர் செம்மண் கலங்கலாக வருகிறதாம். தெளிந்த கசிவு எந்த மண் கரையிலும் கொஞ்சம் இருக்கும். கலங்கலாக வந்தால் கரைக்குள்ளிருந்தே மண் போகிறது. பெரிய வீட்டார் கரைமேல் தேக்கு வைத்து, வெட்டி விற்றார்களே, சரியாக அந்த இடம். வேர் மக்கினால் உள்ளே பொந்துதான்.

இதன்மேல் பொக்லைனால் மண்ணைக் கொட்டினால் பாரம் கூடும், பொந்து அடைபடாது. முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும். அப்புறம் அந்த இடத்தை வெட்டித் திறந்து, களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, ஈரம் பார்த்து, திமிசுக் கட்டையால் இடித்து ஏற்ற வேண்டும்.

தண்ணீர் ஏன் இத்தனை நிற்கிறது? மீன் வளர்க்கிறேன் என்று பெரிய வீட்டார், மிஞ்சிய தண்ணீர் வழிந்து போகும் கலிங்கில் மணல் மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள். "கல்லணை கட்டிய மண்ணப்பா இது" என்று கனடாத் தம்பி எழுதியிருந்தான். சரி தம்பி, அது கல். மேலே வழிந்தாலும் தாங்கும். மண் கரைமேல் தண்ணீர் ஏறினால் ஒரு ராத்திரி போதும்.

வல்லத்து மேட்டுச் செம்மண் கரைந்து, ஓடை வருஷாவருஷம் கொல்லையைத் தின்றதால்தான் பெரிய வீட்டுத் தாத்தா இந்தக் கரையைப் போட்டார். பாசனத்துக்கு இல்லை. நமக்குப் பாசனம் 1934இல் வந்த புது ஆற்றில், அதாவது கல்லணைக் கால்வாயில். ஆனால் கரை உடைந்தால் இத்தனை காலம் அது பிடித்து வைத்த வண்டலும் மணலும் கீழத்தெரு வயலில்தான் வந்து விழும். அதனால்தான் நான் பணம் தர மறுக்கவில்லை. அப்பா காரியத்துக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை என்பது வேறு கணக்கு.

துபாய் மாமா கஜா புயலுக்குத் தென்னங்கன்று வாங்கிய கணக்கைத் திரும்பவும் கேட்கிறார். கேட்கட்டும், நியாயம்தான். ஆனால் 2018க் கணக்கு முடிந்த பிறகுதான் இது என்றால் அடுத்த அடைமழையும் வந்துவிடும்.

கரை இருக்கும் நிலத்தின் பட்டா பெரிய வீட்டாருடையது. கரையில் மரம் வைப்பதில்லை, கலிங்கை அடைப்பதில்லை, வருஷம் ஒருமுறை சங்கத்து ஆள் பார்க்கலாம் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். என் பங்கு அன்றே வரும்.

மூட்டையை எடுக்க வசூல் வேண்டாம். நாலு ஆள் போதும், மேல்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லுங்கள். சித்தப்பா, பெரிய வீட்டுக்கு இன்று ராத்திரியே போன் போடுங்கள். உங்கள் பேச்சைத்தான் கேட்பார்கள்.