கொல்லை ஷெட்டைக் காற்று தூக்காமல் இருக்க...

கேள்வி:
வேதாரண்யம் பக்கம், கடல் 3 கி.மீ. கொல்லையில் 10-க்கு 8 அடி ஷெட். நாலு மூலையிலும் 2 அங்குல ஜிஐ பைப், ஒரு அடிக் குழியில் மண் போட்டு இடிச்சு நட்டது. கூரையும் மூணு பக்கமும் கலர் ஷீட், முன்னால ரெட்டைக் கதவு. ஐப்பசி பிறக்கப் போகுது. கூரை மேல மணல் மூட்டை அடுக்கினா போதும்ங்கிறாங்க. போதுமா?

பதில் 1:
போதாது சார். காத்தோட வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர்னு எடுத்து, வர்க்கமாக்கி 0.6-ஆல பெருக்கினா சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன்னு வரும். 2018 கஜா புயல் மாதிரி மணிக்கு 120 கி.மீ. காத்துன்னா நொடிக்கு 33.3 மீட்டர், சதுர மீட்டருக்கு 667 நியூட்டன், அதாவது சுமார் 68 கிலோ எடை. உங்க கூரை 7.4 சதுர மீட்டர். 500 கிலோ மேல இழுக்கும். கதவு பிச்சுக்கிட்டா உள்ள புகுந்த காத்தும் கீழருந்து தள்ளும், 750-ஐத் தொடும். இதுக்கு ஈடா மூட்டை ஏத்தினா முதல்ல ஷீட்டுதான் மடங்கும்.

பிடிமானம் கால்ல இருக்கணும். ஒவ்வொரு காலுக்கும் ஒண்ணரை அடிச் சதுரம், இரண்டரை அடி ஆழம், 1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட். ஒண்ணு 380 கிலோ வரும். மண் ஊறித் தண்ணி நின்னா மிதப்பு போக 220-தான்னு கணக்கு வைங்க. பைப்போட அடியில ஓட்டை போட்டு 12 எம்எம் கம்பியைக் குறுக்க விடுங்க, ரெண்டு பக்கமும் அரை அடி நீட்டி. இல்லன்னா கான்கிரீட் குழியிலயே இருக்கும், பைப் மட்டும் உருவிக்கிட்டு வரும். கான்கிரீட்டைத் தரைக்கு மேல 3 அங்குலம் எழுப்பி வாட்டம் கொடுங்க. பைப் துரு பிடிச்சு ஒடியறது அந்தக் கழுத்துலதான். ஷெட்டுக்கு முட்டுக் கொடுத்து ஒவ்வொரு காலா மாத்துங்க.

பதில் 2:
ஷீட்டையும் பாருங்க. காத்து முதல்ல கிளப்புறது ஓரத்தையும் மூலையையும். ஓரச் சட்டத்துல ஷீட்டோட ஒவ்வொரு மேட்டுலயும் ஸ்க்ரூ, நடுவுல ஒண்ணு விட்டு ஒண்ணு. சட்டம் 1.2 எம்எம் பைப்பா இருந்தா ஸ்க்ரூ மரை அவ்வளவு உறுதியாப் பிடிக்காது. பைப்பைச் சுத்திப் பிடிக்கிற ஜே போல்ட் போடுங்க. ரப்பர் வாஷர் லேசாப் பிதுங்கினதும் நிறுத்திடணும். மீறி முறுக்கினா வெடிச்சு, ஒழுகி, ஓட்டை துருவேறி, அந்த இடத்துல ஷீட் கிழியும். வெளிநீட்டல் அரை அடிக்கு மேல வேண்டாம்.

பதில் 3:
தென்னையில கட்டிடாதீங்க, மரம் ஆடுறப்ப ஷெட்டையும் சேர்த்து ஆட்டும். நைலான் கயிறு இழுபடும். கட்டித்தான் ஆகணும்னா 8 எம்எம் இரும்புக் கயிறு, டர்ன்பக்கிள் (கயிற்றை முறுக்கி இறுக்குறது), முனைக்கு 3 கிளிப். கிளிப்போட யூ வளைவு, மடிச்சு விட்ட கயிற்றோட வெட்டுமுனைப் பக்கம் இருக்கணும். கதவுக்குக் குறுக்குச் சட்டம் முக்கியம்.

கேட்டவர்:
ரெண்டு அடியிலேயே தண்ணி ஊறுதே?

பதில் 1:
அப்ப ஆழத்தை விட்டுட்டு அகலமாக்குங்க. 2-க்கு 2 அடி, ஆழம் ஒண்ணரை. 400 கிலோ வந்துடும்.