டார்க் பேட்டர்ன்: இருண்ட வடிவமா, கண்கட்டா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் நினைக்காததை நம்மைச் செய்யவைக்கும்படி இணையதளமும் செயலியும் திரையை அமைக்கும் தந்திரத்துக்கு டார்க் பேட்டர்ன் என்று பெயர். 2010இல் ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய இந்தச் சொல்லுக்குத் தமிழில் 'இருண்ட வடிவம்' என்று முந்தைய மடலில் பரிந்துரை வந்திருந்தது. எனக்கு அது ஒட்டவில்லை. இந்த வேலை வெட்டவெளிச்சத்தில்தான் நடக்கிறது. போன வாரம் அம்மா ஒசூரிலிருந்து மதுரை போக இணையத்தில் பேருந்துச் சீட்டு எடுத்தேன். பணம் கட்டும் பக்கத்தில் பயணக் காப்பீட்டுக்கு அவர்களே டிக் போட்டு வைத்திருந்தார்கள். 'வேண்டாம்' என்பது வெளிறிய சாம்பல் எழுத்தில், பொடியாக. 'பணம் செலுத்து' பொத்தானோ பளிச்சென்ற பச்சை. காசு போன பிறகுதான் கவனித்தேன்.

அதனால் என் பரிந்துரை கண்கட்டு. வித்தைக்காரர் யார் கண்ணிலும் துணி கட்டுவதில்லை. கண் திறந்தே இருக்கும், பார்வையைத்தான் அவர் தனக்கு வேண்டிய பக்கம் கட்டிப்போடுகிறார். அந்தப் பச்சைப் பொத்தான் செய்ததும் அதேதான். அப்புறம், எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கு இன்னொரு வசதி: தெலுங்கில் இது கனிகட்டு, கன்னடத்திலும் கண்கட்டு. ஒசூரில் மூன்று மொழிக்காரரிடமும் விளக்காமலே சொல்லலாம்.

தில்லுமுல்லு என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கள்ளக்கணக்கு எழுதினாலும் அதே சொல்தான். திரையில் கண்ணை ஏய்ப்பது அதில் தனியாகத் தெரியாது.

செப்படி வித்தையிலிருந்து செப்படி என்றும் எடுக்கலாம். அதற்கு மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். செப்பு என்பது மூடியுள்ள சிறு சிமிழ். குழந்தைகள் சோறாக்கி விளையாடும் சொப்பும் இதே சொல்தான். 'செப்பின் புணர்ச்சிபோல் கூடினும் கூடாதே' என்று 887ஆம் குறள் உட்பகைக்கு இதை உவமை சொல்கிறது: செப்பும் மூடியும் பார்வைக்கு ஒன்று, ஆனால் ஒட்டாதவை. சின்ன வயதில் போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அந்த வித்தையைப் பார்த்திருக்கிறேன். மூன்று சிமிழைக் கவிழ்த்து, ஒன்றுக்குள் உருண்டையை வைத்து, சரசரவென்று இடம் மாற்றினார். மூன்று முறை தொட்டுக் காட்டினேன், மூன்றிலும் உருண்டை இல்லை. செப்பை அடித்து நகர்த்துவதால் செப்படியா, செப்பின் அடியில் ஒளிப்பதாலா என்று இரண்டு விதமாகவும் பிரிக்கலாம். அந்தக் கைவேகத்தைப் பார்த்த எனக்கு முதலாவதுதான் பிடிக்கிறது.

இவ்வளவு நல்ல சொல்லைப் பொதுப்பெயராக்கி வீணாக்க வேண்டாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டுதலில் டார்க் பேட்டர்ன் 13 வகைகளாக இருக்கிறது. அவற்றில் ஒன்று, ஒன்றைக் காட்டி இழுத்து வேறொன்றைத் தலையில் கட்டுவது. அதற்குச் செப்படி அச்சாகப் பொருந்தும். எனக்கு நடந்தது போல, கேட்காததைக் கூடையில் போடுவதற்குக் கூடைத் திணிப்பு. சுலபமாகச் சேரவிட்டு, விலகப் போனால் அலைக்கழிப்பதற்குச் சந்தாப் பொறி.

ஆவணங்களில் கண்கட்டு வடிவமைப்பு என்று முழுதாக எழுதலாம், பேச்சில் கண்கட்டு போதும். கண்கட்டுப் பொத்தான், கண்கட்டுப் பக்கம் என்று ஒட்டவும் செய்கிறது. 'இன்னும் 2 சீட்டுதான், 5 நிமிடம்தான்' என்று பதறவைப்பதற்குப் பொய் அவசரம் என்று வைத்திருக்கிறேன். அது சற்றுச் சப்பென்று இருக்கிறது. உங்கள் ஊரில் இதற்கு ஒரு சொல் புழங்கினால் எழுதுங்கள், மாற்றிவிடலாம்.