பழைய கார்புரேட்டர் காருக்குக் குறைந்த செலவில் டர்போ: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

மூன்றாம்கியர் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் ஒரு பழைய பெட்ரோல் கார் இருக்கிறது. 1.3 லிட்டர், நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர். கம்ப்ரஷன் ரேஷியோ 9:1 என்று கையேட்டில் போட்டிருக்கிறது. ஆள் ஏற்றிக்கொண்டு மேட்டில் போனால் இரண்டாவது கியரிலேயே முக்கிக்கொண்டு நிற்கிறது. வண்டியை விற்கவோ வேறு எஞ்சின் போடவோ மனம் வரவில்லை, அந்த எஞ்சின் சத்தமே எனக்குப் பிடிக்கும்.

ஒரு சிறிய டீசல் காரிலிருந்து கழற்றிய டர்போ (புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், அழுத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் வேஸ்ட்கேட் வால்வு அதிலேயே இருக்கிறது. வெல்டிங் நன்றாக வரும், மேனிஃபோல்டை நானே செய்துகொள்வேன். பந்தயம் ஓட்டும் எண்ணம் எல்லாம் இல்லை, மேட்டில் இழுத்தால் போதும். டீசல் டர்போ பெட்ரோல் எஞ்சினில் தாங்குமா, கார்புரேட்டரை வைத்துக்கொண்டே செய்யலாமா, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் கட்டாயம் வேண்டுமா என்பதுதான் என் குழப்பம். கையில் இருக்கும் பணம் குறைவு, அதனால் எதில் சுருக்கலாம் எதில் சுருக்கவே கூடாது என்பதையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

பிஸ்டன்ரிங் எழுதியது:

தம்பி, டர்போ வாங்குவதுதான் இந்த வேலையிலேயே சின்ன செலவு. காற்றைத் திணிப்பது எளிது, அந்தக் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலும் சரியான நேரத்தில் பொறியும் கொடுப்பதில்தான் எஞ்சின் உயிரே இருக்கிறது.

டர்போவைத் தொடுவதற்கு முன் எஞ்சினுக்கு ஒரு கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையில் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு ரிங், வால்வு வேலையை முடியுங்கள். தேய்ந்த ரிங் உள்ள எஞ்சினில் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) கொடுத்தால் பாதி அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் இறங்கி, அங்கிருந்து ஆயிலைத் தள்ளிக்கொண்டு எல்லா சீலிலும் வெளியே வரும்.

9:1 நல்ல இடம். 0.3 முதல் 0.4 பார் வரை, அதாவது 5, 6 பிஎஸ்ஐ அளவில் நிறுத்திக்கொண்டால் ஹெட்டைக் கழற்றாமல் ஓட்டலாம். கம்ப்ரஷனை அதிகமாகவே வைத்துக்கொண்டு பூஸ்ட் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு முதல் டர்போ கார்களே சாட்சி. 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரில் 10.25:1 கம்ப்ரஷனை வைத்துக்கொண்டு, நாக்கிங் (கலவை நேரம் தவறித் தானாகவே வெடிப்பது) வராமல் இருக்க தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை உள்ளே தெளித்தார்கள். ஓட்டுபவர்கள் அந்தத் திரவத்தை நிரப்பவே மாட்டார்கள், அதோடு தொல்லைதான். அந்த கார் 1963க்குப் பிறகு வரவில்லை. அதே வருடம் வந்த டர்போ கோர்வேரில் கம்ப்ரஷனை 8:1க்கு இறக்கிவிட்டார்கள், அது நாலைந்து வருடம் ஓடியது.

நாக்கிங்தான் உங்கள் எதிரி. பழைய எஞ்சின்களில் இருப்பது வார்ப்பு பிஸ்டன். அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் நாக்கிங்கின் அடியைத் தாங்காது. இரண்டு ரிங்குகளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய பகுதி உடைந்துவிடும். சத்தம் காதில் விழும் நேரத்தில் சேதம் தொடங்கியிருக்கும். அதனால் டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஒரு பிஎஸ்ஐ பூஸ்டுக்கு சுமார் ஒரு டிகிரி டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, பின்னுக்கு இழுப்பது தொடங்குவதற்கான பழைய கணக்கு. அதை வைத்துத் தொடங்கி, பிளக்கைக் கழற்றிப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பிளக்கும் ஒரு படி குளிர்ந்த ரகம் போடுங்கள், இடைவெளியை 0.7 மில்லிமீட்டர் அளவுக்குக் குறையுங்கள். அழுத்தம் கூடிய காற்றில் அகலமான இடைவெளியைப் பொறி தாண்டாது, பூஸ்ட் ஏறும்போதெல்லாம் எஞ்சின் திக்கும்.

கார்ப்பிரியன் எழுதியது:

கார்புரேட்டரை வைத்துக்கொண்டே தாராளமாகச் செய்யலாம். இரண்டு வழி இருக்கிறது. டர்போவுக்கு முன்னால் கார்புரேட்டரை வைத்து, பெட்ரோல் கலந்த காற்றை டர்போ உறிஞ்சும்படி செய்வது ஒன்று. கார்புரேட்டரைத் தொடாமல் விடலாம் என்பதால் பார்க்க எளிதாகத் தெரியும். ஆனால் ஆக்சிலேட்டரை விடும்போது கம்ப்ரஸர் பக்கம் வெற்றிடம் உண்டாகி ஆயிலை உறிஞ்சும், அதைத் தடுக்க கார்பன் சீல் உள்ள டர்போ வேண்டும், டீசல் டர்போவில் அது இருக்காது. இன்டர்கூலரும் வைக்க முடியாது, வைத்தால் பெட்ரோல் உள்ளே படிந்து தேங்கும், ஒரு பேக்ஃபயர் போதும் வெடிப்பதற்கு. உங்களுக்கு அந்த வழி வேண்டாம்.

டர்போவிலிருந்து வரும் காற்றை கார்புரேட்டரின் வாய்க்குள் ஊதுவது இரண்டாவது வழி. கார்புரேட்டர் வாயில் காற்றுப் பெட்டி ஒன்று அடித்து மூட வேண்டும், ஃப்ளோட் சேம்பருக்கும் அதே பூஸ்ட் அழுத்தம் போய்ச் சேர வேண்டும். சேம்பரின் காற்றுத் துளை வெளியில் திறந்திருந்தால் பெட்ரோல் மேலே ஏறாமல் கலவை மெலிந்து பிஸ்டன் உருகும். த்ராட்டில் தண்டின் இரண்டு பக்கமும் கசியும், அதற்கு சீல் போடுங்கள். உள்ளே இருப்பது வெற்று பித்தளை ஃப்ளோட் என்றால் அழுத்தத்தில் நசுங்கிவிடலாம், நுரை வகை ஃப்ளோட் கிடைத்தால் மாற்றுங்கள்.

எல்லோரும் மறப்பது பெட்ரோல் பம்ப். கார்புரேட்டருக்குச் சாதாரணமாக 0.25 பார் அளவில் பெட்ரோல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சேம்பருக்குள் 0.4 பார் பூஸ்ட் ஏறினால் அந்த 0.25 பார் பெட்ரோல் எப்படி உள்ளே போகும்? அப்போது 0.65 பார் தேவை, சாதாரண ஓட்டத்தில் மறுபடி 0.25க்கு இறங்க வேண்டும். பூஸ்டைப் பார்த்து ஏறி இறங்கும் ரெகுலேட்டரும், அதற்கு ஈடுகொடுக்கும் எலக்ட்ரிக் பம்பும் வாங்குங்கள். இதில் பணம் சுருக்க வேண்டாம்.

உலைக்களம் எழுதியது:

வெல்டிங் தெரியும் என்கிறீர்கள், அதனால் மேனிஃபோல்டும் ஆயில் லைனும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சைலன்சர் கடையில் கிடைக்கும் மெல்லிய குழாயில் மேனிஃபோல்ட் செய்யாதீர்கள், சிவக்கச் சிவக்கச் சூடாகி ஆறும்போது வெல்டிங் ஓரத்திலேயே கீறல் விடும். ஸ்டீம் லைனுக்குப் போடும் கனமான இரும்பு எல்போ வாங்கி, ஒரு நேர்க்குழாயில் நான்கு கிளைகளும் சேரும்படி அடித்தால் போதும், நீள நீளமாக வளைத்து அழகு பார்க்க வேண்டிய தேவை இந்த அளவு பூஸ்டில் இல்லை. ஃபிளாஞ்ச் 10, 12 மில்லிமீட்டர் தடிமன் இருக்கட்டும். வெல்டிங் முடியும்வரை அதை ஒரு தடித்த தகட்டில் போல்ட் போட்டு இறுக்கி வையுங்கள், முடிந்ததும் லேத்தில் கொடுத்து முகத்தைச் சீவி வாங்குங்கள். பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை வெட்டி ஒட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், வார்ப்பிரும்பை முன்கூட்டியே சூடாக்கி நிக்கல் ராடில் அடித்தால்கூட வெகுநாள் நிற்பது நிச்சயமில்லை. டர்போவின் எடையை எஞ்சின் பிளாக்கிலிருந்து ஒரு தாங்கி கொடுத்துச் சுமக்க விடுங்கள், சைலன்சர் பக்கம் நெளியும் பெல்லோஸ் ஒன்று போடுங்கள்.

டீசல் டர்போ தாங்குமா என்றால், டீசலின் புகைச்சூடு 700, 750 டிகிரி செல்சியஸ் அளவில் நின்றுவிடும், பெட்ரோல் எஞ்சினை அழுத்தி ஓட்டினால் 900ஐத் தாண்டும். மேடு ஏறும் நேரம் மட்டும் பூஸ்ட், மற்ற நேரம் சும்மா சுற்றல் என்றால் ஓடும். நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் முழு மிதி மிதித்தால் டர்பைன் வீடு வெடிப்பு விடும். ஒன்று மட்டும் கவனியுங்கள், உள்ளே இதழ்கள் திரும்பும் வகை டர்போவாக இருந்தால் வாங்காதீர்கள், பெட்ரோல் சூட்டில் அந்த இதழ்கள் ஒட்டிக்கொள்ளும். பெட்ரோலில் அந்த வகையை ஓடவைக்க 2006இல் போர்ஷே 911 டர்போவுக்கு விசேஷ உலோகக் கலவையே தேவைப்பட்டது.

வாங்கும்போது தண்டை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். அந்தத் திசையில் ஆட்டம் கையில் தட்டவே கூடாது. பக்கவாட்டில் லேசாக ஆடுவது ஆயில் இல்லாத நிலையில் இயல்புதான், ஆனால் சக்கரம் சுவரைத் தொடக் கூடாது. சிறிய டர்போக்கள் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுவரை போகும், அந்த வேகத்தில் இதழில் ஒரு சின்ன நெளிவு இருந்தாலும் முடிந்தது கதை.

இனி ஆயில். பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு டி போட்டு ஆயில் எடுங்கள், அது சுலபம். திரும்பும் குழாயில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். டர்போவிலிருந்து ஆயில் நுரையாக, எடையால் மட்டும் வழிகிறது. அதனால் குழாயின் உள்விட்டம் 16 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எங்கேயும் தொய்வு இல்லாமல் நேராகக் கீழே இறங்க வேண்டும், சம்ப்பில் (எஞ்சினின் அடி ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். இது அடைபட்டால் சீல் வழியே ஆயில் ஒழுகி நீலப்புகை கக்கும், ஆட்கள் டர்போ கெட்டுவிட்டது என்று நல்ல டர்போவைத் தூக்கி எறிவார்கள். ஆயில் கொடுக்கும் குழாய் சாதாரண ரப்பராக இருக்கவே கூடாது, ஸ்டீல் பின்னல் ஹோஸ் போடுங்கள். சிவந்த இரும்பில் ஆயில் சொட்டினால் தீதான். காரில் தீயணைப்பான் ஒன்றும் வையுங்கள்.

மூன்றாம்கியர் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இதழ் திரும்பும் வகை இல்லை, பார்த்துவிட்டேன். இன்டர்கூலர் வைக்க வண்டியின் முன்பக்கத்தில் இடம் குறைவு, அதை விட்டுவிட்டால் எவ்வளவு நஷ்டம்? இன்னொன்று, நண்பர் ஒருவர் இவ்வளவு கஷ்டம் எதற்கு, 12 வோல்ட்டில் ஓடும் எலக்ட்ரிக் டர்போ என்று ஆன்லைனில் விற்கிறார்கள், அதை மாட்டிவிடு என்கிறார். அதில் ஏதாவது உண்மை இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

கணக்கைப் போட்டுவிடுவோம். வெளிக்காற்று 30 டிகிரி, பூஸ்ட் 0.4 பார், கம்ப்ரஸர் திறன் 65 சதவீதம் என்று கொண்டால், வெளியே வரும் காற்று சுமார் 77 டிகிரி இருக்கும். அழுத்தம் 40 சதவீதம் கூடியிருக்கிறது, ஆனால் சூட்டில் விரிந்துவிடுவதால் உண்மையில் உள்ளே போகும் காற்று 21 சதவீதம்தான் கூடுகிறது. இன்டர்கூலர் வைத்து அதை 45 டிகிரிக்கு இறக்கினால் 33 சதவீதம். இன்டர்கூலருக்குள் கொஞ்சம் அழுத்தம் இழக்கும், அதைக் கழித்தாலும் 30க்குப் பக்கத்தில் நிற்கும். அந்தக் கூடுதல் இழுவையைவிட 30 டிகிரி சூடு குறைவதுதான் பெரிய லாபம், நாக்கிங் அவ்வளவு தள்ளிப்போகும். டீசல் காரிலிருந்தே ஒரு சின்ன இன்டர்கூலரையும் கழற்றி வாருங்கள், ரேடியேட்டருக்கு முன்னால் பாதி மறைத்தாலும் பரவாயில்லை.

எலக்ட்ரிக் டர்போ விஷயம். உங்கள் எஞ்சின் 6000 சுற்றில், இந்த பூஸ்டில், வினாடிக்குச் சுமார் 85 கிராம் காற்று குடிக்கும். அவ்வளவு காற்றை 0.4 பாருக்கு அழுத்த ஏறக்குறைய 4 கிலோவாட் வேண்டும். 12 வோல்ட்டில் அது 330 ஆம்பியருக்கு மேல், ஸ்டார்ட்டர் மோட்டார் குடிப்பதைவிட அதிகம். அவர்கள் விற்பதன் ஒயரைப் பாருங்கள், விரல் தடிமன்கூட இருக்காது. அது காற்றின் வழியில் நிற்கும் ஒரு விசிறி, பல நேரம் தடையாகத்தான் இருக்கும். உங்கள் நண்பரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அந்த 85 கிராமை நிமிடத்துக்குச் சுமார் 11 பவுண்ட் என்று மாற்றி, நீங்கள் பார்த்து வைத்த டர்போவின் கம்ப்ரஸர் வரைபடத்தில் 1.4 அழுத்த விகிதத்தில் அந்தப் புள்ளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். வலது ஓரத்துக்கு வெளியே விழுந்தால் டர்போ சின்னது, காற்றைவிடச் சூட்டைத்தான் அதிகம் தரும். மேடு ஏற என்றால் 3000 சுற்றில் என்ன நடக்கிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியம், அதனால் கொஞ்சம் சின்னதாக இருப்பதில் தவறில்லை.

பிஸ்டன்ரிங் எழுதியது:

கார்ப்பிரியன் சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் நான் இந்த வண்டிக்கு இன்ஜெக்‌ஷனுக்கே போகச் சொல்வேன், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் கணினி அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் முறை. ஸ்பீடுயினோ என்ற திறந்த மூல ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) இருக்கிறது, அர்டுயினோ மெகா போர்டில் ஓடும், சாலிடரிங் தெரிந்தால் நீங்களே கட்டலாம். பழைய காரின் த்ராட்டில் பாடி, இன்ஜெக்டர், 2.5 பார் மேப் சென்சார் (மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளப்பது) என்று சேர்த்தால், நல்ல ரெகுலேட்டர், பம்ப், சீல் போட்ட கார்புரேட்டர் இவற்றுக்கு ஆகும் செலவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கூடவே டைமிங்கையும் அதுவே பூஸ்டைப் பார்த்துப் பின்னுக்கு இழுக்கும். டிஸ்ட்ரிபியூட்டரில் வித்தை காட்ட வேண்டாம்.

கார்ப்பிரியன் எழுதியது:

அதற்கு லேப்டாப்பும் பொறுமையும் வேண்டும். முதல் டர்போ வேலையும் முதல் ஈசியு வேலையும் ஒரே நேரத்தில் செய்தால், எஞ்சின் திக்கும்போது எது காரணம் என்றே தெரியாது. இன்ஜெக்‌ஷன்தான் என்றால் முதலில் டர்போ இல்லாமல் அதைப் போட்டு ஓட்டுங்கள், அது சரியாக ஓடிய பிறகு டர்போவைச் சேருங்கள்.

பிஸ்டன்ரிங் எழுதியது:

அந்த வரிசையை ஒத்துக்கொள்கிறேன். எந்த வழி போனாலும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரும் பூஸ்ட் மீட்டரும் முதலில் வாங்குங்கள். சாதாரண ஆக்சிஜன் சென்சார் காற்று-பெட்ரோல் விகிதத்தில் 14.7 என்ற ஒரு புள்ளியைச் சுற்றி மட்டும்தான் சரியாகச் சொல்லும், உங்களுக்குப் பூஸ்டில் 11.5இலிருந்து 12வரை நிற்க வேண்டும். பூஸ்ட் ஏறும்போது 13ஐத் தாண்டினால் உடனே காலை எடுங்கள்.

மிச்சம் பிடிக்க வேண்டுமானால் குழாய்களில் பிடியுங்கள், பழைய இன்டர்கூலர் போதும், ப்ளோ-ஆஃப் வால்வு இந்த பூஸ்டில் அவசரம் இல்லை. கிராங்க்கேஸ் காற்றுக்குழாயில் ஒருவழி வால்வு போட மறக்காதீர்கள், இல்லையென்றால் பூஸ்ட் நேராக எஞ்சின் வயிற்றுக்குள் போகும். பிரேக் பூஸ்டர் குழாயில் இருப்பதும் நன்றாக மூடுகிறதா என்று ஊதிப் பாருங்கள். பிரேக்கும் கிளட்சும் இப்போதே தேய்ந்திருந்தால் அந்தச் செலவு முதலில். உங்கள் ஊர்ச் சட்டப்படி இந்த மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டுமா, காப்பீடு செல்லுமா என்பதையும் வெல்டிங் தொடங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

முதல் நாள் ஸ்டார்ட் செய்யும்போது இக்னிஷனைத் துண்டித்துவிட்டு, டர்போவின் ஆயில் வெளியேறும் குழாயைக் கழற்றி ஒரு டப்பாவில் விட்டு, ஆயில் வருவதைக் கண்ணால் பார்க்கும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். வேஸ்ட்கேட்டின் ஹோஸ் கம்ப்ரஸர் வாயில் மாட்டி கிளிப் போட்டிருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள், அது கழன்றிருந்தால் பூஸ்டுக்கு எல்லையே இல்லை. முதல் ஓட்டத்தை வேஸ்ட்கேட் ஸ்பிரிங் கொடுக்கும் பூஸ்டிலேயே ஓட்டுங்கள், மீட்டரை இன்னொருவர் பார்க்கட்டும். வைட்பேண்டில் எந்தச் சுற்றில் என்ன எண் வருகிறது என்று குறித்து இங்கே போடுங்கள், கார்புரேட்டரின் ஜெட்டோ ஈசியுவில் ஏற்றும் மேப்போ எதுவானாலும் சேர்ந்து பார்க்கலாம்.