டாலெக்குகளுக்கு வண்ணம் பூசத்தான் வேண்டுமா?

நீலப்பெட்டி எழுதியது:

'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரின் பழைய கருப்பு வெள்ளைக் கதைகளுக்கு வண்ணமேற்றி, நீளத்தைக் குறைத்து, ஒரே படமாக வெளியிடத் தொடங்கியிருக்கிறது பிபிசி. உலோகக் கூட்டுக்குள் வாழும் வில்லன் உயிர்களான டாலெக்குகள் முதன்முதலாகத் தோன்றிய ஏழு பகுதிக் கதை 2023 நவம்பரில் 75 நிமிடமாகச் சுருங்கியது. 1969-ல் பத்து வாரம் ஓடிய 'தி வார் கேம்ஸ்' அடுத்த ஆண்டு டிசம்பரில் 90 நிமிடத்துக்குள் அடக்கப்பட்டது. தொடர் 1989-ல் நிறுத்தப்பட்டு 2005-ல் திரும்பி வரும்வரை பழைய ஒளிநாடாக்களையே தேயத் தேயப் பார்த்துக் காலம் தள்ளியவன் நான். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

டாலெக் கதையின் முதல் பகுதி முடியும் இடத்தை நினைத்துப் பாருங்கள். பள்ளி ஆசிரியை பார்பரா உலோகச் சுவர்களுக்கிடையே வழி தெரியாமல் நிற்கிறார். குழாய் அடைப்பு எடுக்கும் ரப்பர் கிண்ணம் போன்ற முனையுடைய ஒரு கை மட்டும் அவரை நோக்கி நீள்கிறது. அவர் சுவரோடு ஒட்டி நின்று அலறுகிறார். அந்தக் கை யாருடையது என்று தெரிந்துகொள்ள, 1963 டிசம்பர் 21 அன்று பார்த்தவர்கள் 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு வாரத்தில் பிள்ளைகள் தங்கள் மனத்தில் வளர்த்துக்கொண்ட உருவம்தான் டாலெக்கின் பாதிப் பயங்கரம். ஒட்டிச் சேர்த்த படத்தில் அந்த வாரம் சில நொடிகளாகிவிடுகிறது.

சனிமாலை எழுதியது:

நண்பர் நீலப்பெட்டி அவர்களே, அந்த ஒரு வாரத்தை உங்கள் ஒளிநாடாவும் தந்திருக்காதே! அடுத்த பகுதியை நீங்களும் அப்போதே ஓட்டித்தானே பார்த்திருப்பீர்கள்?

பிபிசி இத்தொடருக்குச் செய்த உண்மையான தீங்கு 1960களிலும் 70களிலும் நடந்தது. மறுபடி பயன்படுத்துவதற்காக நாடாக்களை அழித்தார்கள். திரைச்சுருள் பிரதிகளையும் கழித்துக்கட்டினார்கள். 2013-ல் நைஜீரியாவில் ஒன்பது பகுதிகள் கிடைத்த பிறகும், தொண்ணூறுக்கும் மேற்பட்டவை காணாமலே இருந்தன. அவற்றின் ஒலி மட்டும் நமக்கு மிஞ்சியிருப்பது, அந்தக் காலத்து ரசிகர்கள் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிவு செய்ததால்தான். இன்று நிலைமை அப்படியல்ல. மூலப் பகுதிகள் அப்படியே இருக்கின்றன. வண்ணப் பதிப்பு அவற்றுக்குப் பக்கத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். 'தி வார் கேம்ஸ்' கதையில் பிடிபடுவதும் தப்புவதும் மீண்டும் பிடிபடுவதுமாக எத்தனை முறை நடக்கிறது என்று நேர்மையாக எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு வயதான என் மகள் வண்ண டாலெக்குகளை ஒரே மூச்சில் பார்த்தாள். அதே கதையின் மூலத்தைப் போட்டுக் காட்டியபோது மூன்றாம் பகுதியில் எழுந்து போய்விட்டாள்.

நீலப்பெட்டி எழுதியது:

ஒளிநாடா விஷயத்தில் மாட்டிக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அலறலுக்குப் பின் அந்த முகப்பிசை எழுந்து, பெயர்கள் ஓடி முடிகிற இடைவெளியாவது எனக்கு இருந்தது.

வெட்டியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 'தி வார் கேம்ஸ்' முடிவில், தொடரின் நாயகனான டாக்டரைப் பூமிக்கு நாடு கடத்தவும் அவர் உருவத்தை மாற்றவும் அவருடைய இனத்தவரான காலப் பிரபுக்கள் தீர்ப்பளிக்கிறார்கள். டாக்டராக நடித்த பேட்ரிக் டிரவுட்டன் மறுத்துக் கூவியபடியே சுழன்று இருளில் மறைகிறார். புது முகம் காட்டப்படுவதே இல்லை. 1970 ஜனவரி 3 அன்று, தொடரின் முதல் வண்ணக் கதையில், டாக்டரின் காலப்பயண வாகனமான டார்டிஸின் கதவைத் திறந்துகொண்டு அடுத்த டாக்டரான ஜான் பெர்ட்வீ தரையில் விழுகிறார். ஆறு மாத இருட்டுக்குப் பிறகு வண்ணம் வருகிறது! 2024 பதிப்பு அந்த இருட்டுக்குள் உருமாற்றக் காட்சி ஒன்றைப் புதிதாகச் செய்து நுழைத்து, டிரவுட்டனைப் பெர்ட்வீயாக மாற்றிக் காட்டிவிட்டது. விட்டுவைத்த இடத்தை நிரப்புவதற்கு யாருக்கு உரிமை இருக்கிறது?

லைம்குரோவ் எழுதியது:

நீளத்தைப் பற்றியே இருவரும் பேசுகிறீர்கள், எனக்கு உறுத்துவது நிறம். டார்டிஸுக்குள் இருக்கும் அறுகோண இயக்குமேடைக்கு 1963-ல் வெளிர்பச்சை பூசினார்கள். வெள்ளை பூசினால் அந்தக் காலக் கேமராவில் கண் கூசும் என்பதும், வெளிர்பச்சைதான் திரையில் நல்ல வெள்ளையாகத் தெரியும் என்பதுமே காரணம். அப்படியானால் வண்ணமேற்றுபவர் அரங்கில் இருந்த பச்சையைத் தீட்ட வேண்டுமா, பார்வையாளர் மனத்தில் பதிந்த வெள்ளையைத் தீட்ட வேண்டுமா? அந்தக் கதைக்காகச் செய்தவை நான்கே டாலெக்குகள்; கூட்டம் காட்ட வேண்டிய இடத்தில் நிழற்படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிப் பின்னால் நிறுத்தினார்கள். அந்த ஏமாற்று எடுபட்டதற்குக் கருப்பு வெள்ளையின் மங்கலும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சனிமாலை எழுதியது:

பச்சையா வெள்ளையா என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. உருமாற்றக் காட்சியைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். 1966-ல் முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் டிரவுட்டனாக மாறும் முதல் உருமாற்றம், 'தி டென்த் பிளானெட்' கதையின் நான்காம் பகுதியில் வருகிறது. அந்தப் பகுதியே தொலைந்துவிட்டது. முகம் மாறும் அந்தச் சில நொடிகள் மட்டும் தப்பியதற்குக் காரணம், 'ப்ளூ பீட்டர்' என்ற சிறுவர் நிகழ்ச்சிக்காக யாரோ அதை வெட்டியெடுத்துச் சேர்த்ததுதான். நீங்கள் உயிராக மதிக்கும் ஒரு காட்சியை, மூலத்தைப் போற்றியவர்கள் அல்ல, வேறொன்றுக்காக வெட்டியவர்களே காப்பாற்றித் தந்திருக்கிறார்கள்.

நீலப்பெட்டி எழுதியது:

நல்ல அடி. ஆனால் 'ப்ளூ பீட்டர்' அந்தத் துண்டில் புது முகம் எதையும் வரைந்து சேர்க்கவில்லை.

உங்கள் மகளைப் பற்றி ஒரு கேள்வி. மூன்றாம் பகுதியின் கடைசி நொடியில், டாலெக் கூட்டுக்குள்ளிருந்து எடுத்துத் துணியில் சுற்றித் தரையில் போட்ட அந்த உயிர், துணிக்கு அடியிலிருந்து ஒரு நகக்கையை மெல்ல வெளியே நீட்டுகிறது. அவர் எழுந்து போனது அதற்கு முன்பா, பின்பா?