தனிப்பட்ட முன்னேற்றத்தை எப்படி அளந்து பாராட்டுவது?

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். மூன்றாம் வகுப்பில் முதல் மதிப்பெண் பெறுபவர்களையே பாராட்டிக்கொண்டிராமல், ஒவ்வொரு மாணவரையும் அவருடைய முந்தைய நிலையோடு மட்டும் ஒப்பிட்டு ஊக்கப்படுத்த விரும்புகிறேன். முந்தைய தேர்வுகளின் சராசரியை அடிப்படையாக வைத்து, அதைவிடக் கூடுதலாகப் பெறுவதற்குப் புள்ளி வழங்கும் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ராபர்ட் ஸ்லேவினின் முறை பொருத்தமாகத் தோன்றுகிறது. அதில் முழு மதிப்பெண்ணுக்கும் உச்சப் புள்ளி உண்டு என்பதால், உயர இடமில்லாத நல்ல மாணவர்களும் ஒதுக்கப்படுவதில்லை. ஆனால் சரளமாக வாசித்தல், தயங்காமல் கேள்வி கேட்டல் போன்றவற்றை எப்படி அளப்பது?

பரிசு குறித்தும் எனக்குத் தயக்கம் உண்டு. 1973இல் உளவியலாளர் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், பரிசு கிடைக்கும் என்று முன்கூட்டியே அறிந்து படம் வரைந்த மழலையரிடம், பின்னர் தாமாக வரையும் ஆர்வம் குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அக்குறைவு காணப்படவில்லை. (நட்சத்திர ஒட்டிகளுக்காகவே படிக்கும் வகுப்பு உருவாகிவிடக் கூடாது என்பதே என் கவலை.)

ஆகவே, முன்னேற்றத்தை நீங்கள் எவ்வாறு பதிவு செய்கிறீர்கள், பாராட்டை வகுப்பின் முன் சொல்கிறீர்களா அல்லது தனியாகவா, மிக மெதுவாக முன்னேறும் குழந்தைக்கு என்ன செய்கிறீர்கள் என்பதை உங்கள் அனுபவத்திலிருந்து தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.